வகுப்பறையில் ராப்: ஒரு பாடத்தை எட்டு வரியாக்க முழுமையான வழிகாட்டி

குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். சில வருடங்களாக எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து பாடங்களை, தாளத்தில் பேசுவதுபோலப் பாடும் ராப் ஆக்கி வருகிறேன். சுற்றுவட்டாரத்து ஆசிரியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் வகுப்பிலும் முயல்கிறார்கள். அவர்களில் பலர் இடறுவது ஒரே இடத்தில்தான். ஸ்பீக்கரில் ஒரு பீட்டைப் போட்டுவிட்டு, "எழுதுங்கப்பா" என்று சொல்லிவிடுகிறார்கள். நன்றாகப் பாடும் இரண்டு பையன்கள் சினிமாப் பாட்டு மெட்டில் எதையாவது பாடுவார்கள். மற்றவர்கள் கைதட்டுவார்கள். மணி அடித்துவிடும். பாடம் எங்கேயும் வந்திருக்காது.

நான் கண்டவரையில் வேலை நடப்பது இந்த வரிசையில்தான்: பாடக் குறிப்பு, தாளம், பேச்சு, எழுத்து, திருத்தம், வட்டம். மேடையும் மைக்கும் இதற்கெல்லாம் பிறகு. வரிசையை மாற்றினால் ஒரு கலை நிகழ்ச்சி கிடைக்கும், பாடம் கிடைக்காது.

1. முன்கூட்டியே தயார் செய்ய வேண்டியவை

ஆறு பாடவேளைகளை ஒதுக்குங்கள். இரண்டு வாரத்துக்குள் பரப்பி வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் அடுத்தடுத்து மூன்று பாடவேளை எடுத்தால் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். எழுதிய வரி மனதில் ஊறுவதற்கு இடையில் ஓர் இரவாவது வேண்டும்.

பொருட்கள் அதிகம் தேவையில்லை. தாளம் காட்டும் மெட்ரோனோம் செயலி உள்ள ஒரு போன், சாக்பீஸ், குழுவுக்கு ஒரு நோட்டு. தாளக்கருவிக்குச் சத்துணவுத் தட்டு இரண்டு, காலியான பிளாஸ்டிக் டிரம் ஒன்று. தட்டைக் கவிழ்த்துத் தட்டினால் சுருக்கென்று ஓசை வரும். டிரம்மை உள்ளங்கையால் அடித்தால் அடித்தொண்டை ஓசை வரும். ஒரு பீட்டுக்கு இந்த இரண்டு ஓசையே போதும்.

இடத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பக்கத்து வகுப்பில் கணக்குப் பாடம் நடக்கும்போது இங்கே நாற்பது பேர் தட்டினால் அடுத்த வாரமே அனுமதி போய்விடும். எங்கள் பள்ளியில் புங்கமரத்தடிக்குப் போய்விடுவோம். வேலூர் வெயிலில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மரத்தடியும் காந்தும். அதனால் காலை முதல் இரண்டு பாடவேளைகளுக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

தலைமை ஆசிரியரிடம் பேசும்போது, "பாட்டுப் போட்டி" என்று சொல்லாதீர்கள். எந்தப் பாடம், எத்தனை பாடவேளை, என்ன மதிப்பீடு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இது வேறெங்காவது நடந்திருக்கிறதா என்று கேட்டால் சொல்லலாம்: நியூயார்க்கில் கிறிஸ்டபர் எம்டின் என்ற கல்வியாளரும் ஜிஸா என்ற ராப் கலைஞரும் சேர்ந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளை அறிவியல் பாடங்களை ராப்பாக எழுதிப் போட்டி போட வைத்தார்கள். நம் ஊரில் அரசுப் பள்ளிகளுக்கு 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. அதற்கான பயிற்சியோடும் இதை இணைத்துக்கொள்ளலாம்.

பெற்றோரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் போன வருடப் பிள்ளைகள் எழுதிய வரிகளை வாசித்துக் காட்டினால் போதும். "பொண்ணை ஆடவிடறீங்களா சார்?" என்ற கேள்வி அந்த இடத்திலேயே அடங்கிவிடும். வீட்டில் இசை வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு வெறும் பேச்சும், நான்காம் படியில் வரும் பொருள் காப்பாளர் வேலையும் இருக்கிறது. யாரையும் வற்புறுத்த வேண்டாம்.

2. பாடத்தைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாப் பாடமும் ராப்புக்கு ஒத்துவராது. காரணம், நிகழ்வு, விளைவு என்று ஓட்டமுள்ள பாடம் நன்றாக வரும். வேலூர்ப் புரட்சி, நீர்ச் சுழற்சி, உணவு செரிமானம், பாலாற்றின் பயணம் போன்றவை. வகைப்படுத்தும் பாடங்களும் பரவாயில்லை. கணக்கு நிரூபணம் வராது. சூத்திரத்தை ராகம் போட்டு ஒப்பிக்க வைத்தால் மனப்பாடம் ஆகும், புரியாது. நான் இரண்டு முறை முயன்றுவிட்டு நிறுத்திவிட்டேன்.

முதல் முறை செய்பவர்கள் கண்ணால் பார்க்கக்கூடிய இடமுள்ள பாடத்தை எடுங்கள். எங்களுக்கு அது வேலூர்க் கோட்டை. கொத்தளமும் அகழியும் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும்போது புத்தகப் படத்தோடு நிற்க வேண்டியதில்லை. அந்தக் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த 1806-ஆம் ஆண்டுப் புரட்சிப் பாடத்தையே இந்த வழிகாட்டி முழுக்க எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

3. குறிப்பு முதலில், பாட்டு பிறகு

முதல் பாடவேளையில் தாளமும் இல்லை, பாட்டும் இல்லை. பாடத்தை வழக்கம்போல நடத்துங்கள். முடிந்ததும் பலகையில் பன்னிரண்டு உண்மைகளைப் பிள்ளைகளே சொல்ல, நீங்கள் எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஆறேழு சொல்லுக்கு மேல் போகக் கூடாது.

எங்கள் பலகையில் வந்தவற்றில் சில: நெற்றியில் சமயக் குறி கூடாது என்று உத்தரவு. தாடியை மழிக்க வேண்டும். புதிய தலைப்பாகையில் தோலால் செய்த சின்னம். மறுத்தவர்களுக்குக் கசையடி. திப்புவின் மகன்கள் கோட்டையில் காவலில். 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் துப்பாக்கி முழக்கம். கோட்டையில் மைசூர்க் கொடி. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை. ஆளுநர் பென்டிங்க் திரும்ப அழைக்கப்பட்டார்.

ஏன் பன்னிரண்டு? எட்டு வரி எழுதப்போகிறார்கள். எட்டு உண்மை மட்டும் கொடுத்தால் வரிக்கு ஒன்று என்று அப்படியே இறக்கிவிடுவார்கள். பன்னிரண்டிலிருந்து எட்டைப் பொறுக்கும்போது எது முக்கியம், எதை விடலாம் என்ற பேச்சு குழுவுக்குள் வருகிறது. பாடம் மனதில் பதிவது அந்தப் பேச்சில்தான்.

முடிந்தால் இரண்டாம் பாடவேளைக்கு முன் கோட்டைக்கும், வேலூர் மக்கான் பகுதியில் உள்ள புரட்சி நினைவுத்தூணுக்கும் ஒருமுறை அழைத்துப்போய் வாருங்கள். அகழியின் அகலத்தைப் பார்த்த பிள்ளை எழுதும் வரி வேறு மாதிரி இருக்கும்.

4. குழுவும் பொறுப்பும்

ஐந்து பேருக்கு ஒரு குழு. நன்றாகப் பாடுகிறவர்களை ஒரே குழுவில் சேர்க்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை வேண்டும், இல்லாவிட்டால் மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

பொருள் காப்பாளர்: வரியில் உள்ள செய்தி புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பவர். இவர் தலையாட்டாமல் எந்த வரியும் நோட்டில் ஏறாது. தாளக்காரர்: தட்டையும் டிரம்மையும் பார்த்துக்கொள்பவர். எழுத்தர். சொல்பவர். ஐந்தாவது ஆள், பின்பாட்டுக்காரர். நம் பக்கத் தெருக்கூத்தில் இருப்பது போலத்தான். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரனோ வேடம் கட்டியவரோ ஓர் அடியைப் பாடி முடித்ததும் பின்னால் இருப்பவர்கள் அதன் கடைசியை வாங்கிப் பாடுவார்கள். முன்னால் நிற்பவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். ராப்பிலும் இதே வேலைக்கு ஆள் உண்டு.

பொருள் காப்பாளர் பொறுப்பை வாய் திறக்காத பிள்ளைக்குக் கொடுங்கள். "இது தப்பு" என்று சொல்லும் உரிமை கையில் வந்ததும் அந்தக் குரல் தானாக எழும்பும்.

5. தாளத்தை உடம்பில் ஏற்றுதல்

இரண்டாம் பாடவேளை முழுக்க இதற்கே. இதைத் தாவிக் குதிப்பவர்கள்தான் அதிகம். பிறகு, "வரி தாளத்தில் உட்கார மாட்டேங்குது" என்று வருவார்கள்.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 தட்டு என்று வையுங்கள். ஒரு தட்டுக்கு முக்கால் விநாடி, நான்கு தட்டுக்கு மூன்று விநாடி. எட்டு வரி 24 விநாடியில் முடியும். பிள்ளைகளுக்கு இது மந்தமாகத் தோன்றும். "இன்னும் வேகமா சார்" என்பார்கள். விட்டுக்கொடுக்க வேண்டாம். நான் முதல் வருடம் 110-இல் விட்டேன். ஆண்டு விழா மேடையில் மூன்றாவது வரியிலேயே மூச்சு வாங்கி, சொற்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகள் இறங்கி வந்தபோது இருந்த முகத்தை நான் மறக்கவில்லை.

எல்லோரும் நின்று, ஒன்றுக்கும் மூன்றுக்கும் காலால் மிதி, இரண்டுக்கும் நான்குக்கும் கைத்தட்டு. மிதி, தட்டு, மிதி, தட்டு. இரண்டு நிமிடம் பேசாமல் இதை மட்டும். கூட்டமாகத் தட்டும்போது வேகம் ஏறிக்கொண்டே போகும். எல்லா வகுப்பிலும் நடப்பதுதான். ஒவ்வொரு முறையும் நிறுத்தி, மெட்ரோனோமைக் கேட்க வைத்து, மீண்டும் தொடங்குங்கள்.

அடுத்து ஒரு குறளை இதில் உட்கார வையுங்கள். குறளில் முதல் அடிக்கு நான்கு சீர், இரண்டாம் அடிக்கு மூன்று. தட்டுக்கு ஒரு சீர் என்று வைத்தால் இப்படி வரும்:

கற்க | கசடறக் | கற்பவை | கற்றபின்
நிற்க | அதற்குத் | தக | (மௌனம்)

எட்டாவது தட்டு காலி. அங்கே வாய் மூடியிருக்க வேண்டும், கை மட்டும் தட்டும். அந்த ஒரு தட்டில்தான் மூச்சு எடுக்கப் பழகுகிறார்கள். நான்கு குறளை இப்படிச் சொன்னதும் வகுப்புக்குத் தாளம் பிடிபட்டுவிடும். தமிழாசிரியரையும் அன்று கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நாற்சீர் அடியான அளவடியும் ராப்பின் ஒரு வரியும் ஒரே நீளம் என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டால், அலகிடுதல் வீண் வேலை என்று நினைத்திருந்த பையன்கூட நோட்டை எடுப்பான்.

6. பேச்சைத் தாளத்தில் வைத்தல்

எழுதும் முன் பேச வேண்டும். ஒவ்வொருவரும் காலையில் எழுந்ததிலிருந்து பள்ளிக்கு வந்தது வரை நடந்ததை, தட்டுக்கு ஒரு சொல்லாகச் சொல்லட்டும். "அம்மா – எழுப்புச்சு – ஆறு – மணிக்கு." எதுகை வேண்டாம், அழகு வேண்டாம்.

இங்கே பிள்ளைகளின் பேச்சைத் திருத்தாதீர்கள். "வந்துகினு", "இன்னா சொன்னே" என்று வட ஆற்காட்டுப் பேச்சு வரட்டும். ராப்புக்குப் பேச்சுத்தமிழ்தான் ஓடும். "வந்துகொண்டு" என்பது ஒரு தட்டில் அடங்காது, "வந்துகினு" அடங்கும். பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் இருப்பார்கள், ஆந்திர எல்லை ஓரம் தெலுங்கு பேசுபவர்கள் இருப்பார்கள். எட்டில் ஒரு வரி வீட்டு மொழியில் வரலாம் என்று சொல்லிவிடுங்கள். அர்த்தத்தை வகுப்புக்கு விளக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

அரக்கோணத்திலிருந்து வந்த ராப் பாடகர் அறிவு போன்றவர்களைப் பிள்ளைகளே இழுத்துப் பேசுவார்கள். பேசட்டும். ஆனால் யாருடைய பாட்டையும் மாதிரியாக ஒலிக்க விடாதீர்கள். ஒலிக்க விட்டால் மறுநாள் நாற்பது பேரும் அதே ஏற்ற இறக்கத்தில் எழுதுவார்கள்.

7. எழுதுதல்

மூன்றாம், நான்காம் பாடவேளைகள். விதிகள் நான்கைப் பலகையில் எழுதிவிடுங்கள்.

வரிக்கு நான்கு சீர். ஒவ்வொரு வரியிலும் பலகையில் உள்ள ஓர் உண்மை இருக்க வேண்டும். இரண்டிரண்டு வரிக்கு எதுகை அல்லது இயைபு (வரியின் கடைசி ஒலி ஒன்றி வருவது). சினிமா மெட்டு கூடாது.

கடைசி விதிக்குக் காரணம் உண்டு. தெரிந்த மெட்டு வந்தால் அதன் பழைய சொற்கள் பின்னாலேயே வந்துவிடும். "வீரம்", "மாஸ்", "கெத்து" என்று நிரப்பிவிட்டு உண்மையைத் தொலைத்துவிடுவார்கள்.

எதுகை கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் குழுவுக்குச் சொல் கொடுக்காதீர்கள். பலகையில் உள்ள ஒரு சொல்லைக் காட்டி, அதே இரண்டாம் எழுத்து வரும் சொற்கள் பத்தை நோட்டின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். நெத்தி என்றால் சுத்தி, கத்தி, பத்தி, கொத்தளம், சுத்தம். அதில் பாடத்தோடு ஒட்டுவது ஒன்றாவது அகப்படும். அதே எழுத்து கிடைக்காவிட்டால் அதே மெய் போதும், வருக்க எதுகை என்று இலக்கணமே இடம் கொடுக்கிறது.

எங்கள் வகுப்பில் ஒரு குழு முதலில் எழுதியது:

நெத்தித் திலகம் அழிக்கச் சொன்னான்
சுத்தமா தாடி மழிக்கச் சொன்னான்
தோலுச் சின்னம் தொப்பியில் வெச்சான்
மேலெல்லாம் கசையடி மறுத்தா வெச்சான்
பத்தாம் தேதி ஜூலை மாசம்
கொத்தளம் எங்கும் வெடிமருந்து வாசம்
ஆற்காட்டுக் குதிரை காலையில் வந்துச்சு
தோற்றாலும் கோட்டை சேதியைத் தந்துச்சு

படித்ததும் கைதட்டல். ஏழாவது வரியில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். அந்தக் குழுவின் பொருள் காப்பாளர் அவள்தான். "சார், கோட்டைக்குள்ள இருந்த வெள்ளைக்காரங்களத்தான் சுத்தி வளைச்சிட்டாங்களே. அப்புறம் ஆற்காட்டுக்கு யாரு சார் போய்ச் சொன்னது?"

இரண்டு நாள் நடத்திய பாடத்தில் எனக்கே அந்தக் கேள்வி எழவில்லை. வரிக்கும் வரிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி எழுதும்போதுதான் கண்ணில் படுகிறது. இந்த மாதிரிக் கேள்வி வந்தால் அப்போதே பதில் சொல்லாதீர்கள். வகுப்பில் ஒரு சார்ட்டில், "பதில் தேடும் கேள்விகள்" என்று எழுதி ஒட்டி, அதில் சேருங்கள்.

8. திருத்துதல்

ஐந்தாம் பாடவேளை. புதியவர்கள் அவசரப்பட்டு விட்டுவிடும் படி இது. எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. தேர்வுத்தாளில் ஒரு பிள்ளை எதைத் தப்பாகப் புரிந்துகொண்டது என்று நமக்குத் தெரிவதில்லை; பதில் இல்லை என்பது மட்டும்தான் தெரியும். ராப் வரியில் தப்பான புரிதல் பளிச்சென்று வெளியே வந்துவிடும்.

ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்வி. இது உண்மையா? இதில் செய்தி இருக்கிறதா?

முதல் கேள்விக்கு எடுத்துக்காட்டு. இன்னொரு குழு இப்படி எழுதியிருந்தது:

திப்பு சுல்தான் கோட்டைச் சிறையில்
துப்பு கிடைச்சது சிப்பாய் அறையில்

எதுகையும் இயைபும் கச்சிதம். செய்தி தப்பு. திப்பு 1799-லேயே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரில் இறந்துவிட்டார். வேலூரில் காவலில் இருந்தவர்கள் அவருடைய மகன்களும் குடும்பத்தாரும். எதுகை கிடைத்த சந்தோஷத்தில் ஆள் மாறிப்போனார். "தப்பு, மாத்து" என்று சொல்லாமல், திப்பு இறந்த வருடத்தைப் புத்தகத்தில் தேடச் சொன்னேன். தேடியதும் அவர்களே சிரித்துவிட்டு உட்கார்ந்து மாற்றினார்கள்:

திப்புவின் பிள்ளைங்க கோட்டைக் காவலில்
சிப்பாய்ங்க எழுந்தாங்க விடுதலை ஆவலில்

இரண்டாம் கேள்விக்கு, முதல் குழுவின் கடைசி வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். "தோற்றாலும் கோட்டை சேதியைத் தந்துச்சு." கேட்க நன்றாக இருக்கிறது. என்ன சேதி? கேட்டேன். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அது நிரப்பு வரி. புரட்சி அடக்கப்பட்ட பிறகு என்ன ஆனது என்று பலகையில் இருக்கிறதே, பாருங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் கடைசி இரண்டு வரியும் இப்படி ஆனது:

ஆற்காட்டுக் குதிரை காலையில் வந்தாச்சு
தோற்றாலும் பென்டிங்கின் பதவி போயாச்சு

நீங்கள் திருத்திக் கொடுக்காதீர்கள். ஆசிரியர் போட்ட சொல்லை எந்தப் பிள்ளையும் தன் வரியாகச் சொல்வதில்லை. சொல்லும்போது குரல் இறங்கிவிடும், கவனித்துப் பாருங்கள்.

எண்கள் வரும் பாடங்களில் இன்னும் கவனம் வேண்டும். பாலாற்றுப் பாடத்தில் கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222, மொத்தம் 348 என்று வரும். தாளத்துக்காக ஓர் எண்ணைச் சுருக்கிவிடுவார்கள். கூட்டிப் பார்க்கச் சொன்னாலே பிழை பிடிபடும்.

9. வட்டம்

ஆறாம் பாடவேளை. ஹிப்ஹாப்பில் சைஃபர் என்பார்கள். எல்லோரும் வட்டமாக நின்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்வது. வரிசையாக உட்கார வைத்து முன்னால் ஒருவரை நிறுத்தினால் அது மேடை, பயம் வரும். வட்டத்தில் எல்லோரும் தட்டிக்கொண்டிருப்பதால் யார் சொல்கிறார்கள் என்பது அவ்வளவு கனமாக இருக்காது. நீங்களும் வட்டத்தில் நின்று தட்டுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் பிள்ளைகள் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள்.

முதல் சுற்றில் தனியாக யாரையும் சொல்ல விடாதீர்கள். குழுவாகவே சொல்லட்டும், பின்பாட்டோடு. இரண்டாம் சுற்றில் இரண்டிரண்டு பேராக. மூன்றாம் சுற்றில் விருப்பமுள்ளவர்கள் தனியாக. முதலிலேயே கெட்டிக்காரப் பையனை ஆரம்பிக்க விட்டால் அவனுக்குப் பிறகு பாதிப் பேர், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், வாயைத் திறப்பதில்லை. நான் எப்போதும் பெண்கள் அதிகம் உள்ள குழுவைத்தான் தொடங்கச் சொல்வேன்.

குழுவுக்குக் குழு போட்டி வைத்தால் ஒரு கண்டிப்பு வேண்டும். ராப் போட்டியில் எதிராளியைச் சீண்டுவது வழக்கம். நம் வகுப்பறையில் அது கறுப்பு, குண்டு என்று நிறத்திலும் உடம்பிலும் போய் நிற்கும். அங்கிருந்து அப்பா செய்யும் வேலைக்கும், சாதிக்கும் ஓரடி தூரம்தான். அதனால் எங்கள் விதி இது: எதிரணியின் வரியில் உள்ள பிழையைச் சீண்டலாம், ஆளைச் சீண்டக் கூடாது. மீறினால் தாளம் அந்த நொடியே நிற்கும். திட்டுவதில்லை, விளக்கம் சொல்வதில்லை. எல்லாக் கையும் நின்றுவிடும். அந்த மௌனம் போதுமானதாக இருக்கிறது.

10. சுவர், ஆட்டம், கூத்து

ஹிப்ஹாப்பில் சுவரோவியமும் ஆட்டமும் உண்டு. வரைவதில் கை ஓடும் பிள்ளைகளுக்கு ஒரு முக்கியச் சொல்லைப் பெரிதாக, அதன் பொருள் எழுத்துக்குள் தெரியும்படி சார்ட்டில் வரையக் கொடுங்கள். பள்ளிச் சுவரில் வரைவதானால் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் நின்றபடி வைக்கும் காலடிகளோடு நிறுத்துங்கள். சிமெண்டுத் தரையில் கையூன்றிச் சுழல்வதும் தலைகீழாக நிற்பதும் வேண்டவே வேண்டாம். மணிக்கட்டும் கழுத்தும் போய்விடும்.

கூத்துக் கலைஞர் ஒருவரை ஒரு நாள் அழைக்க முடிந்தால் கட்டாயம் அழையுங்கள். செய்யாறு பக்கம் புரிசை கூத்துக்குப் பெயர் பெற்ற ஊர். உங்கள் ஊர்ப் பக்கமும் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு ஆடுகிறவர்கள் இருப்பார்கள். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி குரல் எடுப்பது எப்படி என்று அவர் காட்டுவதை நாம் ஒரு மாதம் சொன்னாலும் காட்ட முடியாது. போக்குவரத்துச் செலவும் சம்பளமும் முன்பே பேசிக் கொடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடம்தானே, இலவசமாக வரட்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

11. பதிவு செய்தல்

மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். காதுக்குப் பழகிப்போன அந்த இரைச்சல் பதிவில் பெரிதாகக் கேட்கும். வெற்று அறையில் குரல் எதிரொலிக்கும். புத்தகக் கட்டுகள் அடுக்கிய ஸ்டோர் ரூம் நல்ல இடம். இல்லாவிட்டால் நாற்பது புத்தகப்பைகளையும் சுவரோரம் அடுக்குங்கள். போனைச் சொல்பவரின் வாய்க்கு ஒரு முழத் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேராக வைத்தால் "ப" வரும்போதெல்லாம் காற்று அடிக்கும்.

இணையத்தில் "இலவச பீட்" என்று கிடைப்பதை எடுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. அதில் பலவற்றுக்கு நிபந்தனை உண்டு. பதிவேற்றியதும் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். உங்கள் பிள்ளைகள் தட்டிலும் டிரம்மிலும் அடித்ததையே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் கையெழுத்து இல்லாமல் எந்தப் பிள்ளையின் முகத்தையும் எங்கும் ஏற்றாதீர்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கும் இது பொருந்தும். குரல் மட்டும் போதும்.

12. மதிப்பெண்

வளரறி மதிப்பீட்டின் (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீட்டின்) செயல்பாடாக இதைச் சேர்க்கலாம். நான் 25-க்குப் போட்டு, பிறகு தேவையான அளவுக்கு மாற்றிக்கொள்கிறேன். செய்தி சரியாக இருப்பதற்கு 10, காரண-விளைவு தெளிவுக்கு 5, தாளத்துக்கு 4, எதுகை-இயைபுக்கு 3, குழுவில் ஐந்து பேரும் வேலை செய்ததற்கு 3. குரல் இனிமைக்கு மதிப்பெண் கிடையாது. இதை முதல் நாளே சொல்லிவிட்டால், "எனக்குப் பாட வராது சார்" என்ற பேச்சு நின்றுவிடும்.

எழுத்துத் தேர்வையும் விடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து, சொல்லாமல் ஐந்து குறுவினா வையுங்கள். பாட்டை ஒப்பித்தால் பதில் வராதபடி கேளுங்கள்: "தோல் சின்னத்தைச் சிப்பாய்கள் ஏன் எதிர்த்தார்கள்?" என்பது போல. பதில் வரவில்லையென்றால் வரியைப் பாடினார்கள், புரிந்துகொள்ளவில்லை. மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய் அந்த ஓர் உண்மையை மட்டும் மறுபடி நடத்துங்கள்.

13. சார்ட்டில் மிஞ்சிய கேள்விகள்

அடுத்த சுற்றை எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை, சார்ட் சொல்லும். கேள்வி கேட்டவரே பதில் தேடி, இரண்டு வரியாக எழுதிக்கொண்டு வர வேண்டும். புத்தகம், நூலகம், வீட்டில் பெரியவர்கள், எங்கே வேண்டுமானாலும் தேடலாம். எங்கே கிடைத்தது என்று சொல்ல வேண்டும்.

கடைசி பெஞ்சுப் பெண் நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். மேல் வகுப்பில் படிக்கும் அக்காவின் வரலாற்றுப் புத்தகத்தில், கோட்டைக்கு வெளியே பணியில் இருந்த மேஜர் கூட்ஸ் என்பவர்தான் கில்லெஸ்பிக்குச் செய்தி கொண்டுபோனார் என்று கண்டுபிடித்தாள். திங்கட்கிழமை காலை வட்டத்தில் நின்று, மெட்ரோனோம் இல்லாமல், தானே மிதித்துத் தட்டிக்கொண்டு சொன்னாள்:

கோட்டைக்கு வெளியே கூட்ஸ் நின்னாரு
கேட்டதும் ஓடி ஆற்காட்டில் சொன்னாரு